கண்ணில் வெண்புரை: போன பார்வையை மீட்டுக்கொள்ளலாம்

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் தான் இழந்தவற்றைக் கணக்குப் பார்க்கும்போது காணி, வீடு, கிணறு, ஆடு மாடு, பலா மரம், விதைநெல் என்று பட்டியல் நீண்டு செல்லும். மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணை கட்டப்பட்டு, 1980களில் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்கள் நீரில் மூழ்கியபோது எழுந்து போனவர்களிடம் இந்தப் பட்டியல் இருந்தது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் லயங்களை இழந்தவர்களிடமும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையாலும் மண்சரிவாலும் கண்டி மலைகளில் இருந்த வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இறங்கியவர்களிடமும் அது இருக்கின்றது. இவற்றுள் சிலவற்றுக்காக நாம் இன்னும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறோம். சில ஒருபோதும் திரும்பி வரமாட்டா.

இந்தப் பட்டியலில் யாரும் எழுதாத ஓர் இழப்பும் உண்டு. அது வீட்டிலுள்ள வயதானவர்களின் கண்பார்வை. "வயசாகிப் போச்சு, கண்ணு மங்காம என்ன செய்யும்?" என்று பாட்டியே சொல்லிவிடுகிறார். பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய வீட்டில் அவருக்கு அவ்வளவு சிரமம் தெரியவில்லை. அடுப்பு எங்கே, கிணற்றுப் படி எங்கே என்பது காலுக்கும் கைக்கும் பழகியிருந்தது. புதிய இடத்தில் அந்தப் பழக்கம் உதவாது. கூடாரக் கயிறு தடுக்குகிறது. மலசலகூடத்துக்குப் போக ஒரு பேரப்பிள்ளை கைபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகாத நாட்கள் கூடுகின்றன. உழைக்கக்கூடிய ஒருவர் வீட்டில் நிற்க வேண்டியதாகிறது. ஒருவரின் கண் மங்கும்போது முழுக் குடும்பமும் அதன் விலையைக் கொடுக்கிறது.

ஆனால் இழந்தவற்றுள் பெரும்பாலும் திரும்பப் பெறக்கூடியது இந்தப் பார்வைதான். முதுமையில் பார்வை மங்குவதற்கு முதற் காரணம் வெண்புரை. அதற்குச் சிகிச்சை உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசமாகச் செய்யப்படுகிறது. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. இந்தப் பாடத்தில் வெண்புரை என்றால் என்ன, அதற்கான சிகிச்சை எவ்வாறு வளர்ந்து வந்தது, நாம் செய்ய வேண்டியது என்ன என்பவற்றைப் பார்ப்போம்.

கண் எப்படிப் பார்க்கிறது?

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போன்ற தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதற்குப் பின்னால் கறுப்பு அல்லது கபில நிற வட்டமும், அதன் நடுவே ஒளி உட்செல்லும் துவாரமும் உள்ளன. இத்துவாரத்தைக் கண்மணி என்கிறோம். கண்மணிக்கு நேர் பின்னால் இருப்பது வில்லை. அது ஏறக்குறைய ஒரு பருப்பின் வடிவில், சுமார் 9 மில்லிமீற்றர் அகலம் உடையது. மெல்லிய ஓர் உறைக்குள் அது அடங்கியிருக்கிறது. கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் ஒளியை வில்லை குவித்து விழித்திரையில் விழச் செய்கிறது. விழித்திரை அதை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகிறது. லாம்பு ஒன்றை நினைத்துக்கொள்வோம். திரி நன்றாக எரிந்தாலும் சிமினியில் புகை படிந்திருந்தால் வெளிச்சம் வெளியே வராது. அதுபோல விழித்திரை நன்றாக இருந்தாலும் வில்லை மங்கிவிட்டால் ஒளி உள்ளே போகாது.

வெண்புரை என்றால் என்ன?

வில்லை தண்ணீராலும் புரதத்தாலும் ஆனது. இளமையில் அந்தப் புரதம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் வில்லை தெளிவாக இருக்கும். வயது செல்லச் செல்லப் புரதம் ஒன்றோடொன்று திரண்டு, வில்லை மஞ்சளாகவும் பின்னர் வெள்ளையாகவும் மங்குகிறது. முட்டையின் தெளிந்த வெள்ளைக்கரு சூட்டில் வெள்ளையாகித் திரள்வதை நாம் பார்த்திருக்கிறோம். திரண்டதை மீண்டும் தெளிய வைக்க முடியாது. வில்லையில் ஏற்படும் மாற்றமும் அத்தகையதே. இந்த மங்கலையே வெண்புரை அல்லது கண்புரை என்கிறோம். "கண்ணில் பூ விழுந்தது" என்று சொல்வதும் பல வேளைகளில் இதைத்தான்.

கண்டிப் பகுதி மக்களிடையே இது எவ்வளவு பரவலாக உள்ளது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2006, 2007ஆம் ஆண்டுகளில் கண்டியின் கண் வைத்தியர்களும் அவுஸ்திரேலிய வைத்தியர்களும் சேர்ந்து, கண்டி மாவட்டக் கிராமங்களில் 40 வதும் அதற்கு மேலும் வயதுடைய 1,300க்கும் அதிகமானோரின் கண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் வெண்புரை இருந்தது. பார்வைக் குறைவுக்கு முதற் காரணமும் வெண்புரையே என்று தெரிந்தது. மூன்றில் ஒருவருக்கு இருந்தது என்றால் அத்தனை பேருக்கும் உடனே சத்திரசிகிச்சை வேண்டும் என்பதல்ல. பலருக்கு அது ஆரம்ப நிலையிலேயே இருக்கும். ஆயினும் எமது லயத்திலோ முகாமிலோ குடியேற்றத்திலோ நிச்சயமாகச் சிலருக்கு இது இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

வெண்புரை அல்லாதவை

கண்ணில் தோன்றும் எல்லா வெண்மையும் வெண்புரை அல்ல. வெயிலிலும் தூசியிலும் வேலை செய்பவர்களுக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வதுண்டு. அது கண்ணின் மேற்பரப்பில் வருவது. முன்படலத்தில் புண் ஏற்பட்டு ஆறிய வெள்ளைத் தழும்பும் வேறு. அப்படிப்பட்ட சில தழும்புகளுக்கு இறந்தவர் தானம் செய்த கண்ணிலிருந்து படலம் எடுத்துப் பொருத்துகிறார்கள். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் இதற்காகவே உலகின் பல நாடுகளுக்கும் கண்களை அனுப்பி வருகிறது. இதனால் எம்மில் சிலர், வெண்புரைக்கும் யாராவது ஒருவரின் கண் கிடைக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். அது தேவையில்லை. வெண்புரைக்கு வைக்கப்படுவது செயற்கை வில்லை.

குளுக்கோமா என்னும் நோய் வேறொன்று. அது கண்ணின் நரம்பை மெல்ல மெல்ல அழிப்பது. பெரும்பாலும் கண்ணினுள் அழுத்தம் கூடுவதால் வருகிறது. அதனால் போன பார்வை திரும்பாது. ஆகவே மங்கல் எதனால் வந்தது என்பதை வைத்தியரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் வருகிறது?

முதற் காரணம் வயது. இதைத் தவிர்க்க எவராலும் இயலாது. ஆனால் வேறு சில காரணங்கள் அதை விரைவுபடுத்துகின்றன.

நீரிழிவு உள்ளவர்களுக்கு வெண்புரை முந்தி வருகிறது. புகைத்தலும், காலமெல்லாம் கடும் வெயிலில் நிற்பதும் காரணமாகின்றன. விறகுப் புகையில் சமைப்பவர்களிடையே இது கூடுதலாகக் காணப்படுவதாக இந்தியாவிலும் நேபாளத்திலும் செய்த ஆய்வுகள் கூறுகின்றன. ஸ்டீரொயிட் மாத்திரைகளையோ துளிகளையோ வைத்தியர் சொல்லாமல் நீண்ட காலம் பாவிப்பதும் ஒரு காரணம். கண் கடிக்கும் போதெல்லாம் பாமசியில் ஒரு போத்தல் வாங்கி விடும் பழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும்.

அடிபடுவதாலும் வெண்புரை வரும். கவ்வாத்து வெட்டும்போது தெறிக்கும் குச்சி, கல் உடைக்கும்போது பறக்கும் சில்லு, மண்வெட்டியின் இரும்புத் துணுக்கு ஆகியவை கண்ணில் பட்டால், இருபது வயது இளைஞனுக்கும் வெண்புரை உண்டாகலாம்.

பிறவியிலேயே வருவதும் உண்டு. தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா நோய் வந்தால் பிள்ளை வெண்புரையோடு பிறக்கலாம். எமது நாட்டில் 1996 முதல் ருபெல்லாத் தடுப்பூசி போடப்படுகிறது. குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. சிறு வயதில் பார்க்கப் பழகாத கண்ணுக்குப் பின்னர் பார்வை வராமலே போகலாம்.

வெண்புரை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்குத் தொற்றுவதில்லை. ஒருவரிலிருந்து மற்றவருக்கும் தொற்றாது. கண்ணைப் பாவித்து வேலை செய்ததால் வருவதும் அல்ல. கண்ணூறோ சாபமோ அதற்குக் காரணம் அல்ல.

வீட்டிலேயே அறிந்துகொள்வது எப்படி?

வெண்புரையால் நோவு இராது; கண் சிவக்காது. அதனால்தான் பலர் காலம் கடந்தே அதைக் கண்டுகொள்கிறார்கள். பின்வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள்.

பனிமூட்டத்தினூடாகப் பார்ப்பதுபோல் எல்லாம் மங்கலாகத் தெரிதல். வெயிலில் கண் கூசுதல். இரவில் பஸ் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிதல். நிறங்கள் வெளிறியும் மஞ்சளித்தும் தோன்றுதல். கண்ணாடியை அடிக்கடி மாற்றியும் தெளிவு வராமை. இன்னொரு விந்தையான அறிகுறியும் உண்டு. கண்ணாடியில்லாமல் வாசிக்க முடியாதிருந்த முதியவர் ஒருவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே வாசிக்கத் தொடங்குவார். வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் அது வெண்புரை முற்றி வருவதன் அடையாளமாக இருக்கலாம்.

ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். முதியவரைச் சுவரில் உள்ள கலண்டருக்கு எதிரே இருத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் செய்யுங்கள். பிறகு மற்றக் கண்ணையும் அவ்வாறே சோதியுங்கள். இரு கண்ணாலும் ஒன்றாகப் பார்க்கும்போது ஒரு கண்ணின் குறை மறைந்துவிடும். அடுத்து, மூன்று மீற்றர், அதாவது பத்து அடி தூரத்தில் நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். கண்ணாடி போட்டும், நல்ல கண்ணாலும் இந்தத் தூரத்தில் விரல்களை எண்ண முடியாதவரைப் பார்வை இழந்தவர் என்றே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நோவு, சிவப்பு, திடீர்ப் பார்வையிழப்பு ஆகியவை இருந்தால் அது வேறு நோயாகலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மருந்தால் கரையுமா? பழுக்கும்வரை பொறுக்கலாமா?

இவை இரண்டும் கிராமங்களில் அடிக்கடி எழும் கேள்விகள்.

வெண்புரையைக் கரைக்கும் துளி மருந்தோ மாத்திரையோ எண்ணெயோ இன்றுவரை இல்லை. ஆரம்ப நிலையில் புதிய கண்ணாடி சிறிது காலம் உதவலாம், அவ்வளவுதான். இலைச்சாறு, தேன், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடுவதால் புரை கரையாது. மாறாக, கிருமி தொற்றி முன்படலம் புண்ணாகிவிடலாம். திரும்பப் பெறக்கூடிய பார்வையைத் திரும்பப் பெற முடியாதபடி செய்துவிடும் காரியம் இது.

"நல்லாப் பழுக்கட்டும், பிறகு வெட்டலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. அந்தக் காலத்துச் சிகிச்சைக்கு முற்றிய புரை வசதியாக இருந்தது. இன்றைய முறைக்கு அது பொருந்தாது. முற்றிய வில்லை கல்லைப்போல் கடினமாகி எடுப்பதற்குச் சிரமம் தருகிறது. மிக முற்றினால் உறைக்குள்ளிருந்து கசிந்து, கண்ணில் அழுத்தத்தைக் கூட்டி, தாங்க முடியாத நோவையும் நிரந்தரக் குருட்டையும் உண்டாக்கலாம். அரிசியில் கல் பொறுக்கவும், பாதையில் நடக்கவும், முகம் அறியவும் சிரமம் தொடங்கும்போதே வைத்தியரிடம் காட்டுவதே சரியான காலம்.

சிகிச்சை வளர்ந்த வழி

வெண்புரைச் சிகிச்சை மிகப் பழமையானது. பண்டைய இந்தியாவின் சுஸ்ருத சங்கிதையிலேயே அதுபற்றிக் கூறப்பட்டுள்ளது. ஊசியொன்றால் மங்கிய வில்லையைக் கண்ணின் உள்ளே ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் வெளிச்சம் தெரியும். ஆனால் பலருக்குப் பின்னர் கண்ணே கெட்டுப்போகும். 1747இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜாக் தவியேல் கண்ணைத் திறந்து வில்லையை வெளியே எடுத்துக் காட்டினார்.

வில்லையை எடுத்தால் ஒளியைக் குவிப்பது யார்? அதற்காகத் தடித்த கண்ணாடி போட வேண்டியிருந்தது. சோடாப் போத்தலின் அடிபோன்ற கண்ணாடிகளை அணிந்த தாத்தாமாரைப் பலருக்கு நினைவிருக்கும். அதைக் கழற்றினால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இடம்பெயர்ந்து ஓடும்போது அந்தக் கண்ணாடி உடைந்தால் பார்வையும் அதோடு போயிற்று.

இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்து வைத்தியர் ஹரல்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த விமானிகளின் கண்களில், விமானத்தின் பிளாஸ்டிக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதை அவர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கால் வில்லை செய்து, 1949 நவம்பர் 29ஆம் திகதி லண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். மற்ற வைத்தியர்கள் பலர் நீண்ட காலம் அவரை எதிர்த்தார்கள். இன்று உலகம் முழுவதும் செய்யப்படுவது அவர் காட்டிய வழியே.

1967இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன் இன்னொரு படி முன்னேறினார். பல் வைத்தியர் பற்களைச் சுத்தம் செய்யப் பாவித்த அதிர்வுக் கருவியைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. மிக வேகமாக அதிரும் நுண்ணிய குழாயால் வில்லையை உள்ளேயே துகளாக்கி உறிஞ்சி எடுக்கலாம் என்று காட்டினார். பழைய முறையில் 10 மில்லிமீற்றருக்கு மேல் கண்ணை வெட்டித் தையல் போட வேண்டும். இந்த முறையில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் போதும். பெரும்பாலும் தையல் வேண்டாம். மடித்துச் செலுத்தி உள்ளே விரியும் வில்லைகளும் பின்னர் வந்தன. இதை மக்கள் "லேசர்" என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் அது லேசர் அல்ல, ஒலி அதிர்வே.

நவீன முறை ஏழைகளைச் சென்றடைந்த கதையில் மதுரைக்குப் பங்குண்டு. டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976இல் அங்கே 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போயிருந்தும் அவர் சத்திரசிகிச்சை செய்தவர். பணம் உள்ளவர் கட்டணம் செலுத்த, இல்லாதவர் இலவசமாகப் பெறும் ஒழுங்கு அங்கே உள்ளது. அவ்வமைப்பின் ஒரோலாப் நிறுவனம் 1992 முதல் செயற்கை வில்லைகளை வெளிநாட்டு விலையிலும் பன்மடங்கு குறைவாகச் செய்யத் தொடங்கியது. விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமலே, சிறிய வெட்டின் வழியாகத் தையலின்றிக் கையால் வில்லையை எடுக்கும் முறையும் இந்தியாவிலும் நேபாளத்திலும் வளர்ந்தது. முற்றிய புரைக்கு அது இன்றும் நல்ல முறையாகும்.

கண்டி வைத்தியசாலையில் என்ன நடக்கும்?

முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, கண் கிளினிக்கிற்கு ஒரு கடிதம் பெறுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உள்ளது. அங்கே எழுத்துப் பலகையில் பார்வையைச் சோதிப்பார்கள். கண்மணியை விரிக்கத் துளி விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் கண் கூசி மங்கலாக இருக்கும். ஆகவே துணைக்கு ஒருவர் போக வேண்டும். கண்ணின் அழுத்தம், இரத்தச் சீனி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எந்த அளவு வில்லை பொருந்தும் என்று கண்ணை அளப்பார்கள். பிறகு ஒரு நாள் குறிக்கப்படும். காத்திருப்போர் பலர் என்பதால் அது சில மாதங்கள் தள்ளியும் இருக்கலாம். முந்திப் பெயர் பதிவதே அதற்குப் பரிகாரம்.

சத்திரசிகிச்சை நாளில் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பதில்லை. கண்ணை மட்டும் துளியாலோ ஊசியாலோ விறைக்கச் செய்வார்கள். நோவு இராது, வெளிச்சமும் பேச்சுக் குரலும் தெரியும். கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்பது வீண் கதை. வில்லையின் உறையை விட்டுவிட்டு, உள்ளே மங்கியிருப்பதை மட்டும் அகற்றி, அதே உறைக்குள் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேர வேலை. பலர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில் வில்லையை வெளியே வாங்கும்படி கூறப்பட்டதும் உண்டு. அப்படி நேர்ந்தால் எந்த வகை, என்ன விலை, காத்திருந்தால் கிடைக்குமா என்பவற்றைக் கிளினிக்கிலேயே கேளுங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்து உதவும் விலைகூடிய வில்லைகளும் விற்பனையில் உள்ளன. அவை வசதிக்கானவை. சாதாரண வில்லையே பார்வையை மீட்டுத் தரும். வாசிக்க மட்டும் ஒரு கண்ணாடி வேண்டியிருக்கும்.

மொழிக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தப்படி தமிழும் அரசகரும மொழி. ஆயினும் இரண்டு மூன்று சிங்களச் சொற்கள் உதவும். வெண்புரையைச் சிங்களத்தில் "எஹே சுத" என்பார்கள். "எஸ் பேன்னே நெஹெ" என்றால் கண் தெரியவில்லை. "ரிதெனவா" என்றால் நோகிறது.

பயமும் உண்மையும்

2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் வெண்புரைச் சத்திரசிகிச்சை பெற்ற சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பின் இடப்பட்ட, இறக்குமதி செய்யப்பட்ட கண்துளி மருந்தில் மாசு கலந்திருந்ததே காரணம் என்று கூறப்பட்டு, அம்மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பிறகு மலையகத்தில் பலர் கண் சிகிச்சை என்றாலே தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை நாம் ஏளனம் செய்யக்கூடாது. பாதிக்கப்பட்டவர்கள் எம்மைப் போன்ற ஏழைகள். அவர்களுக்கு நீதி கேட்பது எமது உரிமை.

அதே வேளை, இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தச் சத்திரசிகிச்சையிலும் ஆபத்து உண்டு. வெண்புரைச் சிகிச்சையில் கிருமி தொற்றுவது அரிது. சிகிச்சை செய்யாத வெண்புரையோ காலப்போக்கில் பார்வையைப் பறிக்கிறது. ஆகவே பயத்தை எச்சரிக்கையாக மாற்றிக்கொள்வோம். எந்த மருந்து தரப்படுகிறது என்று கேட்போம். போத்தலில் உள்ள திகதியைப் பார்ப்போம். நோவோ சிவப்போ கண்டால் ஒளிக்காமல் உடனே சொல்வோம்.

இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். நீரிழிவாலோ குளுக்கோமாவாலோ விழித்திரையும் நரம்பும் ஏற்கெனவே கெட்டிருந்தால், வில்லையை மாற்றினாலும் பார்வை முழுமையாக வராது. இதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு அறிந்தால் பின்னர் ஏமாற்றம் இராது.

வீடு திரும்பிய பின்

தந்த துளிகளை ஏறக்குறைய ஒரு மாதம், சொன்னபடி விட வேண்டும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே போத்தலைத் தொடுங்கள். போத்தலின் நுனி கண்ணில் படக்கூடாது. ஒருவருக்குத் தந்த துளியை இன்னொருவர் பாவிக்கக்கூடாது. இரவில் கண் மூடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். ஆற்றிலோ பீலியிலோ தலை முழுகாதீர்கள். அடுப்புப் புகை, நெல் தூற்றும் தூசி, பாரம் தூக்குதல் ஆகியவற்றை வைத்தியர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும்.

நோவு, சிவப்பு, ஊனம் வடிதல், பார்வை குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் அன்றைக்கே செல்லுங்கள். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கினால் "புரை திரும்ப வளர்ந்துவிட்டது" என்று மனமுடைய வேண்டாம். வில்லையைத் தாங்கும் உறை மங்கியிருக்கும். அதைச் சில நிமிடங்களில் லேசர் ஒளியால் சரிசெய்கிறார்கள். லேசர் உண்மையில் பயன்படுவது இங்கேதான்.

இடம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டியவை

கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் ஒரே பொலித்தீன் உறையில் வைத்திருங்கள். ஓட நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று. கொப்பி தொலைந்துவிட்டாலும் சிகிச்சை பெறும் உரிமை தொலைந்துவிடாது. அதே கிளினிக்கிற்குச் சென்று விடயத்தைச் சொல்லுங்கள். இடம் மாறினால் புதிய விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். இல்லாவிட்டால் குறித்த நாள் உங்களுக்குத் தெரியாமலே கடந்துவிடும்.

தோட்டத்தில் நடுகையும் அறுவடையும் இல்லாத வாரங்களைக் கேட்டு நாள் பெறலாம். துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதே பல குடும்பங்களின் உண்மையான தடை. அயலவர் நால்வர் சேர்ந்தால் இதற்கு வழி உண்டு. ஒருவர் இரு முதியவர்களைக் கூட்டிச் செல்ல, மற்றவர்கள் அவருடைய பாத்தியைக் கைமாற்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது முகாமில் அல்லது குடியேற்றத்தில் 50 வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர்? அவர்களுள் பத்து அடி தூரத்தில் விரல்களை எண்ண முடியாதவர்கள் யார்? வீடு வீடாகச் சென்று ஒரு பட்டியல் தயாரிப்போம்.

2. அவர்கள் இதுவரை வைத்தியரிடம் போகாததற்குக் காரணம் என்ன? பயமா, பணமா, மொழியா, துணையின்மையா? ஒவ்வொன்றுக்கும் நாம் என்ன செய்யலாம்?

3. முதியவர் ஒருவருக்குத் துணையிருப்பதற்காகப் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் எம்மிடையே இருக்கிறார்களா?

4. நீரிழிவு இருக்கிறதா என்று கடந்த ஓராண்டில் சோதித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

5. வரும் மாதத்தில் கண் கிளினிக்கிற்கு முதலாவதாக அழைத்துச் செல்ல வேண்டியவர் யார்? அவரோடு போகப் போகிறவர் யார்? கூட்டம் கலையுமுன் இரு பெயர்களையும் திகதியையும் எழுதிக்கொள்வோம்.